ஐந்து நீலப் பொத்தான்கள்

அம்மா போன பிறகு அவளுடைய பிஸ்கட் டின்னைத் திறந்தேன். துரு வாடையோடு அந்தத் தகரக் கொட்டகைகள் நினைவுக்கு வந்துவிட்டன. எண்பதுகளில் பென்னாகரம் பக்கம், அணைக்கட்டை ஒட்டி இலங்கை அகதிகளுக்காகப் போட்டிருந்தார்கள். இன்று அங்கே முள்காடுதான்.

அம்மா மாதர் சங்கத் தலைவி. ஞாயிறுதோறும் முகாமுக்குக் கொடுக்கப் பழைய துணி எங்கள் கூடத்தில் குவியும். சங்கத்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து, முகாமுக்கு வந்த பால் பவுடரில் டீ போட்டுக் குடித்துக்கொண்டே, சட்டைகளில் பொத்தானை வெட்டியெடுத்து, ஜாக்கெட்டுகளில் கொக்கியைப் பிரித்துவிட்டுத்தான் மூட்டை கட்டுவார்கள்.

"அவங்க ஊக்கு குத்திக்குவாங்க. பொத்தான் நமக்காவும்" என்பாள் அம்மா.

டின்னுக்குள் பொத்தான் விழும் சத்தம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். என் நீலக் கவுனின் முதுகிலிருந்து ஐந்தையும் நானே வெட்டினேன்.

அடுத்த வாரம் முகாமில் அந்தக் கவுனை என் வயதுப் பெண் ஒருத்தி போட்டிருந்தாள். முதுகுப் பக்கத்தை ஒரு கையால் இறுக்கிப் பிடித்தபடி வரிசையில் நின்றாள். போட்டோ பிடிக்க ஆள் வந்திருந்ததால் அம்மா அவளை முன்னால் இழுத்து நிறுத்தினாள்.

"ரெண்டு கையும் எடுத்துக் கும்புடு பாப்பா."

"ஒரு கையால கும்பிடட்டே, அன்ரி?"

"வாங்கறவங்க அப்படியா நிப்பாங்க?"

அவள் கையை விட்டாள். கவுன் தோளைவிட்டுச் சரிந்தது. சங்கத்துப் பெண்கள் சிரித்தார்கள்; எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது நான்.

ஐந்து பொத்தானும் இதோ டின்னில் கிடக்கின்றன. ஒன்றைக்கூட அம்மா எதிலும் தைக்கவில்லை.