நீண்ட இரவுக்கு வந்தவர்கள்

கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, கிரகப்பிரவேசம் என்று கடலூரில் நான் போகாத மண்டபம் இல்லை. என் வீட்டுக்கு யாரையும் கூப்பிடத்தான் காரணம் அமையவில்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவின் காரியத்துக்கு வந்தவர்களுக்கு அப்புறம் எங்கள் ஹாலில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்ததே கிடையாது.

போன மார்கழியில் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன். குளிர் நாடுகளில், வருஷத்திலேயே நீளமான இரவன்று தெரிந்தவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டு, பாடி, வரைந்ததைக் காட்டி, சேர்ந்து சாப்பிடுவார்களாம். மாப்பிள்ளையோ குழந்தையோ புது வீடோ தேவைப்படாத ஒரு விசேஷம். செய்துபார்க்கலாம் என்று தோன்றியது.

மஞ்சக்குப்பத்தில் என் ஆபீசில் பக்கத்து சீட்டில் இருப்பவளிடம்தான் முதலில் சொன்னேன்.

"பொறந்தநாளாக்கா?"

"இல்ல. அன்னிக்கு ராத்திரி ஜாஸ்தி."

"ராத்திரி ஜாஸ்தின்னா தூங்கத்தான வேணும்?" என்று சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அவரையும் கூட்டிக்கிட்டு வரேங்க்கா" என்றாள்.

மாடியில் குடியிருக்கும் நர்ஸ், கிறிஸ்துமஸ் வாரம் என்பதால், ஜெபக் கூட்டம் என்றே நினைத்துக்கொண்டு சரி என்றாள். சிதம்பரத்தில் இருக்கும் என் கல்லூரித் தோழி மட்டும் எதுவும் கேட்கவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் அவள். "வயலினோட வரேன்டி. ராத்திரி தங்கிட்டுக் காலையில போறேன்" என்றாள். அவளுக்காகப் புதுப் போர்வை வாங்கினேன்.

பல வருஷமாக வரைகிறேன். யாருக்கும் காட்டியதில்லை. அன்று மத்தியானம் ஹாலில் நைலான் கயிறு கட்டி, துணி கிளிப்பால் படங்களைத் தொங்கவிட்டேன். தக்காளி சாதம், சுண்டல், கொஞ்சம் கேசரி செய்தேன். ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிட்டது. தூறல் வேறு. நர்ஸ் யூனிபார்மோடு இறங்கி வந்து, "டூட்டிய மாத்திட்டாங்கக்கா" என்று ஒரு தட்டு கேக்கைக் கையில் கொடுத்துவிட்டு ஓடினாள். காலி நாற்காலிகளை நகர்த்தி நகர்த்திப் போட்டேன். எப்படிப் போட்டாலும் ஜாஸ்தியாகவே தெரிந்தன. ரெண்டை எடுத்துக்கொண்டுபோய் உள்ளே வைத்தேன்.

தோழி நனைந்துகொண்டே வந்தாள், வயலின் பெட்டியை மட்டும் துப்பட்டாவால் மூடி. அவள் தலை துவட்டும்போது ஆபீஸ்காரியும் அவள் வீட்டுக்காரரும் வந்தார்கள். வெறுங்கையோடு வரக் கூடாது என்று பரிசுத்தாள் சுற்றிய ஹாட்பாக்ஸ் ஒன்று. அதை வாங்கி வைக்கும்போது எனக்குக் கூச்சமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்தார். எல்லாமே நான் போன விசேஷங்கள். பந்தி, மேடை, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டவர்கள்.

"நல்லாருக்கு மேடம். ஆனா எல்லாத்துலயும் முதுகாவே இருக்குதே?"

"பின் வரிசையில உக்காந்தா முதுகுதான் தெரியும்" என்றேன்.

அவர் சிரித்தார். தோழி மட்டும் சிரிக்கவில்லை.

அவள் வயலினை எடுத்து வாசிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டாள். "பசங்களுக்கு சரளி வரிசை சொல்லிக் கொடுத்துச் சொல்லிக் கொடுத்து மத்ததெல்லாம் கையை விட்டுப் போயிடுச்சு" என்றாள். ஆபீஸ்காரி தயங்கித் தயங்கி, "சினிமாப் பாட்டு வாசிப்பீங்களா?" என்று கேட்டாள். தோழி வாசிக்க, இவள் தரையைப் பார்த்தபடி பாடினாள். இத்தனை வருஷம் பக்கத்து சீட்டில் இருக்கிறாள், இப்படி ஒரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது. அவள் புருஷனுக்கும் தெரியாது போலிருக்கிறது. வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பிட்டு முடித்ததும், மண்டபத்தில் செய்வதுபோல, ஆபீஸ்காரியும் வீட்டுக்காரரும் கை கழுவிய கையோடு கிளம்பிவிட்டார்கள். அப்போதுதான் தோழிக்கு வீட்டிலிருந்து போன். மாமியாருக்கு மூச்சுத் திணறலாம்.

"போயாகணும்டி. கோச்சுக்காத."

"இதுல கோச்சுக்க என்ன இருக்கு?"

பஸ் ஸ்டாண்டு வரை ஆட்டோவில் கூடப் போனேன். ஜன்னலோர சீட்டில் வயலினை மடியில் வைத்துக்கொண்டு கையை ஆட்டினாள். பஸ் திரும்பிப் போன பிறகும் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். வீட்டுக்குப் போக அவசரம் ஒன்றும் இல்லை.

திரும்பி வந்து அவளுக்கு விரித்த படுக்கையைச் சுருட்டி வைத்தேன். அங்கே விரித்தபடி கிடந்தால் இன்னும் கஷ்டமாக இருக்கும். படங்களைக் கழற்ற மனசு வரவில்லை. மீந்த தக்காளி சாதத்தை எவர்சில்வர் டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தபோது தோழியிடமிருந்து செய்தி வந்தது. மாமியாருக்குப் பரவாயில்லையாம். அடுத்த வரியில், "ரொம்ப நாள் கழிச்சு வாசிச்சதுல விரல் நுனியெல்லாம் எரியுதுடி. நல்லாருக்கு" என்று எழுதியிருந்தாள்.

"தேங்காய் எண்ணெய் தடவு" என்று மட்டும் போட்டேன்.