கலாதேவி எண்ணிய பள்ளங்கள்

ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் கலாதேவியைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது, அவள் பிடித்தால் உடும்புப்பிடி என்பதுதான். அங்கேயே ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக ஓவன் வாயில் நிற்கிறாள். பெல்ட்டில் வரிசையாக வந்து விழும் ஆயிரக்கணக்கான பிஸ்கட்டில் ஒன்றே ஒன்று துளி கூடுதலாகக் கறுத்திருந்தாலும் அவள் கை அதை எடுத்துவிடும். சுங்காய் பக்கத்து எஸ்டேட்டில் ரப்பரை அழித்து எண்ணெய்க்கான செம்பனை போட்டபோது குடும்பத்தோடு நகரத்துக்கு வந்தவள். பள்ளியிறுதியான ஐந்தாம் படிவம் வரை படித்தாள், கணக்கில் ஏ. அதற்குமேல் படிக்க வைக்க வீட்டில் வழியில்லை.

மூன்று வருடத்துக்கு முன், நட்சத்திரம் பார்க்கும் குழு ஒன்றை நடத்தும் மதீசன் என்ற என்ஜினியர் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் பேச வந்தார். கலாதேவி போனது அங்கே கொடுக்கும் கறிபாப்புப் பலகாரத்துக்காக. இதை அவளே ஒப்புக்கொள்வாள். மதீசன் திரையில் காட்டியது வெறும் புள்ளிகள். ஒரு நட்சத்திரத்தின் வெளிச்சத்தை அளந்து வைத்த புள்ளிகள். கோள் ஒன்று நட்சத்திரத்துக்கு முன்னால் கடந்து போனால் வெளிச்சம் கொஞ்சம் குறையும், புள்ளிகளில் சின்னப் பள்ளம் விழும். விண்வெளித் தொலைநோக்கி அனுப்பும் இந்தப் புள்ளிகளை வீட்டிலிருந்தே யார் வேண்டுமானாலும் பார்த்துக் குறிக்கலாம் என்றார். இது நம் ஓவன் வேலைதானே என்று அவளுக்குப் பட்டது. பழைய லேப்டாப் ஒன்றை வாங்கி உட்கார்ந்தவள்தான்.

இந்த மார்ச்சில் அகப்பட்டது ஒரு மங்கலான சிவப்பு நட்சத்திரம். தொலைநோக்கிக்காரர்களின் கம்ப்யூட்டர் அதில் ஒன்றுமில்லை என்று தள்ளிவிட்டிருந்தது. கலாதேவியின் கண்ணுக்குப் பத்துப் பள்ளம் தெரிந்தது. முதல் பள்ளத்துக்கும் பத்தாவதுக்கும் சரியாக ஏழு நாள், நூற்று அறுபத்தெட்டு மணி நேரம். பத்தால் வகுத்தாள். பதினாறு மணி நாற்பத்தெட்டு நிமிடம். அதுதான் அங்கே ஒரு வருடம். பள்ளத்தின் ஆழத்தைப் பார்த்த மதீசன், இருந்தால் அது பூமியைவிட ஒன்றரை மடங்கு அகலமான பாறைக்கோளாக இருக்கும் என்றார். நட்சத்திரத்தை ஒட்டிச் சுற்றுவதால் பாறையே உருகி ஓடுமாம்.

"அங்கயும் ஓவனாக்கா?" என்று தொழிற்சாலையில் அவள் பக்கத்தில் நிற்கும் சரளா சிரித்தாள். "பரவால்ல லா, தெனம் வருசப்பொறப்பு லீவு கெடைக்கும்."

மதீசன் வெளிநாட்டில் மலைமேல் பெரிய தொலைநோக்கி வைத்திருக்கும் நண்பர்களிடம் கேட்டு, கலாதேவி சொன்ன நேரத்தில் பார்க்கச் செய்தார். பள்ளம் விழவில்லை. கோடு மேசைபோல் நேராக இருந்தது. இரண்டு தடவை தவறினால் பட்டியலிலிருந்து அந்த நட்சத்திரத்தை அடித்துவிடுவார்கள்.

"கலாக்கா, விட்ருங்க லா," என்றார் மதீசன். "ஆயிரத்துல அஞ்சு பங்குதான் கொறையுது. கண்ணு ஏமாத்தும்."

"என் கண்ணு ஏமாத்தினா, இருவத்திரண்டு வருசமா இந்த ஊரு கருகுன பிஸ்கட்டத்தான் சார் தின்னுருக்கும்."

வாய் அப்படிச் சொன்னாலும் மனம் குன்றிப் போனது. மதீசனின் குழுவில் யாரோ அவளைக் கிண்டல் செய்து சிரிப்புப் படம் போட்டிருந்தார்கள். அழுகை வரவில்லை, கோபம் வந்தது. தினமும் வேலைக்குக் கிளம்புமுன் பத்துப் பள்ளத்தையும் ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்த்தாள். பத்தும் இருந்தன. பிறகு எங்கே தப்பு?

அந்த வாரம் பக்கத்து வீட்டு இருளாயியின் புருஷன் காலமானார். மூன்றாம் நாள் இருளாயி காலண்டரோடு வந்தாள்.

"வெள்ளிக்கெழம தவறிட்டாரு. பதினாறு எப்ப வருதுன்னு பாத்துச் சொல்லு கலா. சிங்கப்பூர்ல இருக்கற மவன் ஞாயித்துக்கெழமன்னு லீவு போட்டுட்டான்."

கலாதேவி விரலை வைத்து எண்ணினாள். வெள்ளி ஒன்று, சனி இரண்டு. விரல் மறுவாரம் தாண்டிச் சனிக்கிழமையில் போய் நின்றது.

"சனிதாங்க்கா. தவறுன நாளையும் சேத்துல்ல எண்ணணும்? நாளு பதினாறு, ஆனா நடுவுல போனது பதினஞ்சுதான்..."

சொன்னவளின் விரல் காலண்டரிலேயே ஒட்டிக்கொண்டது. பள்ளம் பத்து. நடுவில் போனது ஒன்பது. அட மண்டூகமே! கணக்கில் ஏ வாங்கியவள் நட்சத்திரத்துக்குக் கருமாதிக் கணக்குப் போட்டிருக்கிறாள். எழவு வீட்டுக்காரி முன்னால் சிரிக்கக்கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். இருளாயியின் மகனுக்குப் போன் போட்டுத் தேதியைச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குள் ஓடினாள். நூற்று அறுபத்தெட்டை ஒன்பதால் வகுத்தாள். பதினெட்டு மணி நாற்பது நிமிடம்.

"தப்பு என்னுது சார்," என்றாள் மதீசனிடம். "அந்த நட்சத்திரத்தோடது இல்ல."

இதுவும் தவறினால் நட்சத்திரம் போய்விடும். அந்த நண்பர்கள் முன்னால் அவருடைய மானமும் போகும். "மறுபடி பாத்தீங்களா?" என்றார்.

"எட்டுத் தடவ. வர்ற செவ்வாக்கெழம, நம்ம மத்தியானம் பன்னெண்டு நாப்பதுக்கு எறங்க ஆரம்பிக்கும். கேட்டுக் குடுங்க சார்."

மலைமேல் அப்போது நடு இரவு, தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரம். செவ்வாயன்று கேன்டீனில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே கலாதேவி உட்கார்ந்திருந்தாள். தொலைநோக்கியின் புள்ளிகள் போனில் ஒவ்வொன்றாக வந்தன. பன்னிரண்டு முப்பது, நேர்க்கோடு. முப்பத்தைந்து, நேர்க்கோடு. சரளா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். நாற்பதில் ஒரு புள்ளி கொஞ்சம் கீழே விழுந்தது. அடுத்தது இன்னும் கீழே. அப்புறம் வந்ததெல்லாம் அங்கேயே கிடந்தன. ஒரு மணிக்கு மேல் ஒவ்வொன்றாக ஏறிப் பழைய கோட்டுக்கே வந்து சேர்ந்தன. கலாதேவி முந்தியில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இப்போதுதான் அழுகை வந்தது.

போன் அடித்தது. மதீசன்தான்.

"கலாக்கா, இருக்கு! கோளுதான்னு சொல்ல இன்னும் சோதனை நெறைய கெடக்கு. ஆனா பள்ளம் இருக்கு. கண்டுபிடிச்சது நீங்கன்னு எழுதி அனுப்புறேன். அவங்க கேக்குறாங்க, அடுத்தது எப்ப?"

வேலைக்குத் திரும்பச் சொல்லி மணி அடித்தது. கலாதேவி எழுந்து தலைக்குல்லாயை மாட்டினாள்.

"நாளைக்குக் காலையில ஏழு இருவது. இன்னைக்குப் பள்ளத்தச் சேக்காமத்தான் சார் எண்ணியிருக்கேன்."