மச்சாளும் நானும் பூட்டிய கொம்பியூட்டர்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஓட்டுநர் சோதனையில் தவறிய பிறகு அந்த ஆசையையே விட்டுவிட்டேன். ஆனால் திரையில் ஓடும் கார்ப் பந்தயம் என்றால் எனக்குச் சாப்பாடும் வேண்டாம். மருந்துக்கடை வேலை முடிந்து பிளேஸ்டோவிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்ததும் பழைய லேப்டொப்பைத் திறந்து, ஏதாவதொரு மலைப்பாதையில் கொஞ்ச நேரம் ஓடிவிட்டுத்தான் சமையலுக்குப் போவேன். கடைசிக் காலத்தில் அந்த லேப்டொப்புக்குப் பந்தயம் தாங்கவில்லை. தோசைக்கல் மாதிரிச் சூடேறும். கார் வளைவில் திரும்பிக்கொண்டிருக்கும்போதே படம் அப்படியே நின்றுவிடும்.

என் கணவரின் அக்கா அப்போதுதான் பாரிஸிலிருந்து குடும்பத்தோடு எங்கள் நகரின் மறுபக்கம், லூயிஷாமுக்கு வந்திருந்தார். எனக்கு மச்சாள் முறை. கலியாண வீடுகளில் கண்டால் சிரிப்போம், சுகம் விசாரிப்போம்; அதற்கு மேல் பேச்சு வளர்ந்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தம்பியைப் பார்க்க வந்தபோது நான் விளையாடிக்கொண்டிருந்தேன். அவசரமாக லேப்டொப்பை மூடப் போனேன்.

"மூடாதையும்," என்றார். "ஆளை முந்தப் பாரும்."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"பிள்ளையள் பள்ளிக்கூடம் போனாப்பிறகு நானும் விளையாடுறனான். போனிலை. என்ரை மனுசனுக்குத் தெரியாது."

அன்று தேநீர் குடித்து முடிவதற்குள், சாமான்களைத் தனித்தனியாக வாங்கி நானே ஒரு கொம்பியூட்டர் பூட்டப்போகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். "கடையிலை பூட்டினதை வாங்குமன், என்னத்துக்கு வில்லங்கம்?" என்றார் கணவர். மச்சாள் அவரைப் பார்க்காமல் என்னிடம், "நானும் வாறன்," என்றார்.

படிப்பு தொடங்கியது. நான் ஆங்கில வீடியோக்களைப் பார்த்தேன், அவர் பிரெஞ்சு வீடியோக்களைப் பார்த்தார். பின்னேரம் போனில் ஒத்துப் பார்ப்போம். நல்ல சாமான்களாகப் பார்த்து வாங்கினால் போதும் என்றுதான் இருவருமே நினைத்திருந்தோம். அப்படியில்லை. ஒவ்வொரு புரொசெஸருக்கும் அது உட்கார இடம் உள்ள மதர்போர்ட்தான் சரிவரும். மெமரியில் பழைய வகை, புதிய வகை என்று இருக்கிறது. புதியதைப் பழைய போர்டில் செருக ஏலாது, வெட்டு வேறு இடத்தில் இருக்கும். நான் விலை மலிவென்று பழைய மெமரியைக் கூடையில் போட்டு வைத்திருந்தேன். மச்சாள்தான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "இது எங்கடை போர்டுக்குப் பொருந்தாது," என்று தடுத்தார்.

ஒருநாள் அவர் சொன்னார்: "முதலிலை நல்ல அலிமொந்தசியோன் வாங்கவேணும். அதிலை மட்டும் மிச்சம் பிடிக்கக்கூடாதாம்."

பாரிஸில் எங்கள் ஆட்கள் பலசரக்குக் கடையை அப்படிச் சொல்வார்கள். கொம்பியூட்டர் கதை முடிந்து, அரிசி பருப்புக் கதை தொடங்கிவிட்டது என்று நினைத்தேன்.

"ஈஸ்ட்ஹாம் கடையளிலை எல்லாம் மலிவு மச்சாள்," என்றேன்.

"நான் கொம்பியூட்டருக்குக் கரண்ட் குடுக்கிற பெட்டியைச் சொல்லுறன்," என்றார். பிரெஞ்சில் இரண்டுக்கும் ஒரே சொல்லாம். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கணவர் குளியலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். மச்சாள் இவ்வளவு சத்தமாகச் சிரிப்பார் என்று எனக்கு அதுவரை தெரியாது.

எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்ட, சோபாவுக்குப் பக்கத்து மூலைக்கு அளவாக, சின்ன வெள்ளைப் பெட்டி ஒன்றை அவர் தெரிவு செய்தார். எனக்கும் பிடித்தது. மற்றச் சாமான்களும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்ட் மட்டும் மிச்சம். அதை ஏற்கெனவே யாரோ பாவித்ததாக வாங்குவதென்று முடிவு செய்து, ஒரு சனிக்கிழமை காலை சவுத்தாலுக்குப் போனோம். விற்பவர் ஜெர்மனியிலிருந்து வந்த தமிழர், குளிர்சாதனப் பெட்டி திருத்துகிறவர். தன் கொம்பியூட்டரில் அதை ஓட விட்டுக் காட்டி, பழைய துவாயில் சுற்றித் தந்துவிட்டுக் கேட்டார்: "நல்ல நீளமான கார்ட். உங்கடை பெட்டிக்குள்ளை போகும்தானே?"

எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் ஒப்பிட்டிருந்தோம். இதை மட்டும் யோசிக்கவில்லை.

மச்சாள் வீட்டில் பிளவுஸ் தைப்பவர். கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, துவாயை விரித்துக் கார்டை அளந்தார். நான் வீட்டுக்குப் போன் எடுத்தேன். "இஞ்சருங்கோ, அந்த வெள்ளைப் பெட்டியை உள்ளுக்கு அளந்து சொல்லுங்கோ." கணவர் அளந்து சொன்னார். கார்ட் போனாலும் ஒரு விரல் இடம் மிஞ்சும். நிம்மதியாகக் கிளம்பினோம். "ஏதும் பிழைச்சா போன் அடியுங்கோ," என்று அந்த அண்ணை வாசல்வரை வந்து சொன்னார்.

வீட்டு வரவேற்பறை நிலத்தில் துணி விரித்து உட்கார்ந்தோம். புரொசெஸரை வைத்து அதன் மேலுள்ள கம்பியை அமர்த்தும்போது 'கறக்' என்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மச்சாள், "பயப்பிடாதையும், அந்தச் சத்தம் கேக்குமெண்டு வீடியோவிலை சொன்னவன்," என்றார். மெமரி ஏறியது. கரண்ட் பெட்டி ஏறியது. கடைசியாகக் கார்ட். அது உள்ளே போகவில்லை. பெட்டியின் முன்பக்கம் பூட்டியிருந்த காற்றாடி வழியை மறித்தது. கணவர் தகரத்திலிருந்து தகரம்வரை அளந்திருந்தார். காற்றாடியைக் கணக்கில் எடுக்கவில்லை.

"பெட்டியைத்தானே அளக்கச் சொன்னனீர்," என்றார். அதுவும் நியாயம்தான்.

எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. எல்லாவற்றையும் கழற்றி, பெட்டியைத் திருப்பி அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை என்று நினைத்தேன். மச்சாள் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் காத்தாடி இஞ்சைதான் இருக்கவேணுமெண்டு ஆர் சொன்னது? மேலையும் ஓட்டையள் கிடக்குதே."

காற்றாடியைக் கழற்றி மேலே பூட்டினோம். கார்ட் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

சுவிச்சை அழுத்தினேன். காற்றாடிகள் சுற்றின, நீல வெளிச்சம் வந்தது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. மெமரியைக் கழற்றிப் பூட்டினோம், அப்போதும் கறுப்பு. மச்சாள், "அந்த அண்ணைக்குப் போன் அடியும்," என்றார்.

போனில் அண்ணை பதறவில்லை. "தங்கச்சி, ஸ்கிரீன் வயரை எங்கை குத்தியிருக்கிறியள்?"

"பின்னாலை, அண்ணை."

"பின்னாலை ரெண்டு இடம் இருக்கு. மேலையோ, கீழையோ?"

"மேலை."

"அது போர்டின்ரை. கார்ட் கீழை கிடக்குது. அதிலை குத்துங்கோ."

குத்தினேன். திரையில் வெள்ளை எழுத்துகள் வந்தன. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டே மச்சாளைக் கட்டிப்பிடித்தேன். "என்ன, வந்திட்டுதோ?" என்று அண்ணை போனுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தார்.

விளையாட்டு இறங்கி முடியும்வரை புட்டும் சம்பலும் சாப்பிட்டோம். முதல் ஓட்டத்தை மச்சாளிடம் கொடுத்தேன். நல்ல வேகமாகத்தான் தொடங்கினார். முதல் மைல் தாண்டுமுன் பாதையை விட்டிறங்கி, ஒரு மரத்தடியில் காரை நிறுத்திவிட்டார். மற்றக் கார்களெல்லாம் இரைந்துகொண்டு தாண்டிப் போயின.

"என்ன மச்சாள், பிழைச்சுப் போச்சோ?"

"இல்லை. போனிலை இது சும்மா பச்சையாத்தான் தெரியும். இஞ்சை பாரும், இலையெல்லாம் தனித்தனியா ஆடுது."

நானும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கணவரும் வந்து சோபாவின் கையில் சாய்ந்துகொண்டார். அன்று நாங்கள் கடைசியாக வந்தோம்.

இப்போது மச்சாளுக்கு ஒன்று பூட்டுகிறோம். தன் கணவரிடம் அவர் விஷயத்தைச் சொல்லிவிட்டார். எத்தனை பேர் சேர்ந்து விளையாடலாம் என்று மட்டும் அந்த மனிதர் கேட்டாராம்.