செல்வி அக்கா கடையில் இல்லாத வார்த்தை

போன வாரம் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து கலா போன் செய்தாள். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்ச். இன்னமும் எங்கள் பழைய தெருவிலேயே இருக்கிறாள்.

"இன்னாடி, ஊர்ப் பக்கம் எப்போ வர்ற?"

"வரணும்டி..." என்றேன்.

உங்களுக்குத் தெரியாததா? கல்யாணப் பத்திரிகை வைப்பவரிடம், கிரகப்பிரவேசத்துக்கு அழைப்பவரிடம், சித்தப்பாவிடம்... எல்லோரிடமும் நாம் சொல்வதுதான். வருகிறேன் என்றும் ஆகாது, மாட்டேன் என்றும் ஆகாது. எவ்வளவு சௌகரியம் பாருங்கள்!

கலா சிரித்தாள். "அப்டியே செல்வி அக்கா மாதிரியே சொல்ற."

அவ்வளவுதான். அடுப்பில் பால் இருந்ததையே மறந்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசி. ஊரைச் சுற்றி ஃபேக்டரிகள் வந்துகொண்டிருந்த நேரம். எங்கள் தெருமுனையில் செல்வி அக்கா கடை. (தேன்மிட்டாய், கமர்கட் என்று ஆரம்பித்துவிடுவேனோ என்று பயப்பட வேண்டாம்.) பாதிக் கடைக்கு பிளாஸ்டிக் பக்கெட், பூட்டு, ஷூ பாலிஷ்தான் — ரூம் எடுத்துத் தங்கியிருந்த கம்பெனி அண்ணன்களுக்கு. எங்களுக்கென்று ஒரு மூலை. பேனா, ஸ்டிக்கர், ஹேர்பேண்ட். ஸ்கூல் விட்டால் என் கால்கள் நேராக அங்கேதான் போகும்.

அந்தக் கடையில் ஒரே ஒரு வார்த்தை மட்டும் கிடையாது. 'இல்லை'.

கல்லாவில் உட்கார்ந்து அதைச் சொன்னால் லட்சுமி இறங்கிப் போய்விடுவாளாம். சரக்கு தீர்ந்து போயிருந்தால், "வரணும்" என்பார் அக்கா.

ஊதா கலர் கிளிட்டர் பேனாவுக்காக நான் அலைந்த அலைச்சல் இருக்கிறதே... "வரணும் பாப்பா." மறுநாளும் அதே பதில். கடைசியில் ஒரு சாயங்காலம் என்னைப் பார்த்ததுமே, "தோ, வந்துகீது பாரு" என்று எடுத்து நீட்டினார். அன்றிலிருந்து எனக்கு ஒரு நம்பிக்கை. அக்கா 'வரணும்' என்றால் வந்துவிடும்.

திருநெல்வேலிப் பக்கத்து அண்ணன் ஒருவர் கடை மாடியில் புதிதாகக் குடிவந்திருந்தார். கருப்பட்டி இருக்கா என்று கேட்டார்.

"வரணும்பா."

"சரிக்கா, வாரேன்" என்று போனவர், மறுநாள் ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்து நின்றார். "வரச் சொன்னியளே, வந்துட்டேன்."

"நான் எங்கப்பா உன்ன வரச் சொன்னேன்? கருப்பட்டி வரணும்னேன்!"

கடையே சிரித்தது. அப்புறம் எங்கேயோ சொல்லிவைத்து கருப்பட்டியும் வந்தது. தெருவில் அந்த அண்ணன் பெயர் கடைசி வரைக்கும் 'வரணும் அண்ணன்'தான்.

நான் பிளஸ் டூ வந்த வருஷம், கட்டடத்து ஓனர் கடையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். இடித்துவிட்டு, கம்பெனி ஆட்களுக்கு மூன்று மாடிக்கு ரூம் கட்டப் போகிறாராம். அக்கா யாருக்கு பக்கெட்டும் பூட்டும் விற்றாரோ, அவர்களுக்கு இடம் வேண்டும் என்று அவரையே கிளப்பினார்கள். இதை என்னவென்று சொல்ல?

வாலாஜாபாத்தில் அம்மா வீட்டுக்குப் போவதாகச் சொன்னார் அக்கா. மினி வேனில் சாமான் ஏறிக்கொண்டிருந்தது. நான் அக்கா பக்கத்தில் போய் நின்றேன்.

"புது பில்டிங்ல திரும்பக் கடை வைப்பீங்களாக்கா? வருவீங்கல்ல?"

காலியான ஷெல்ஃபை ஒரு தடவை பார்த்தார். பிறகு என்னை.

"வரணும் பாப்பா."

நான் நம்பினேன், சார்! கட்டடம் எழும்பியது. பெயின்ட் அடித்தார்கள். கீழே ஷட்டர் திறந்த அன்று ஓடிப்போய்ப் பார்த்தேன். செல்போன் ரீசார்ஜ் கடை. அக்கா சொன்னதில் வராமல் போனது அது ஒன்றுதான். அக்காவுக்காக எவ்வளவு ஏங்கினேன் என்று எனக்குத்தான் தெரியும். கல்லாவே போன பிறகும் அவர் வாயில் 'இல்லை' வரவில்லை என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

போனில் கலா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். "நேத்து வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்ட்ல செல்வி அக்காவப் பார்த்தேன்டி. தலையெல்லாம் நரைச்சிப் போச்சு. உன்னத்தான் மொதல்ல கேட்டாங்க. 'பேனா பாப்பா என்னப் பாக்க வராதா?'ன்னு."

"நீ என்னடி சொன்ன?"

"நீ எப்பவும் சொல்றதுதான். 'வரணும்கா'ன்னேன்."

போச்சு. அந்த வார்த்தைக்கு அர்த்தம் அக்காவுக்குத் தெரியாதா, என்ன?