இரண்டு கணக்கு மெஷின், நான்கு கணக்குப்பிள்ளைகள்

இன்று எங்கள் நூல் மில் ஆபீசில் கணக்கு மெஷின் விற்கவந்த இரண்டு கம்பெனி ஏஜெண்டுகளுக்குள் போட்டி.

"நம்ம மெஷின் கரண்ட்ல ஓடும். கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள கூட்டிரும்" என்றார் ஒருவர்.

"கரண்ட் போனா? நம்மளது கையால சுத்துனாப் போதும். விலையும் பாதி" என்றார் மற்றவர்.

வேடிக்கை பார்த்த கணக்குப்பிள்ளைகள் நாங்கள் நால்வரும் கைகூடத் தட்டினோம்.

அப்போதுதான் முதலாளி கேட்டார்: "இம்புட்டு வேகமா முடிஞ்சா, இங்க எத்தன பேரு வேணும்?"

காலையிலிருந்து எதிலும் ஒத்துப்போகாத இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "ஒரு ஆளு போதுங்க."

தட்டிய கையை மெல்ல மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

பக்கத்து நாற்காலி சுப்பையா அண்ணன் கிசுகிசுத்தார்: "ஏப்பா, ஆயுத பூசைக்கு அந்த மெஷினுக்குப் பொட்டு வைக்க நம்ம நாலு பேர்ல மிஞ்சப்போறது யாருப்பா?"

நீங்களே சொல்லுங்கள். என் பெயரைச் சொல்பவருக்கு நாகல் நகர் கடையில் காப்பி என் செலவு. எனக்குச் சம்பளம் வந்துகொண்டிருக்கும்வரைதான்.