செருப்புக்குப் பதிலாகக் கோலம்

வெளிநாட்டுப் பேய்ப்படத்தையும் அதன் இந்தி ரீமேக்கையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்து எதை எங்கே கெடுத்தார்கள் என்று பட்டியல் போடுவதில் எனக்கு ஒரு காலத்தில் அல்ப சந்தோஷம் இருந்தது. அதற்குத் துணை என் கல்லூரி நண்பன். அவனும் புனேயில் வளர்ந்த தமிழன். கேம்ப் கடைத்தெரு நடைபாதையில் திருட்டு டிஸ்க் வாங்கி வருவான். இருவரும் எங்கள் ஹடப்சர் வீட்டில் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் பார்ப்போம்.

அப்படி வந்ததுதான் அந்தக் கிழக்காசியப் படம். அதில் ரத்தம் இல்லை, அலறல் இல்லை. அந்த ஊரில் வாசலில் கழற்றும் செருப்புகளை முனை வெளியே பார்க்கும்படி திருப்பி வைப்பார்கள் போலிருக்கிறது. செத்துப்போன பெண் வந்துபோன வீட்டில் மட்டும் அத்தனை செருப்பும் வீட்டுக்குள் பார்த்தபடி இருக்கும். அவ்வளவுதான் பேய். எனக்கு முதுகு சில்லிட்டது.

சில வருஷம் கழித்து நண்பன் மும்பைக்குப் போய் ஒரு கதைக்குழுவில் சேர்ந்தான். அவர்களிடம் வந்த ரீமேக் வேலை இதே படம். போனில் புலம்பினான்.

"அரே, இந்தச் செருப்பு சீன் இங்க எடுபடாதுடா. நம்ம ஊர்ல எவன் செருப்ப அடுக்குறான்? கோயில் வாசல்னு நினைச்சு சிரிச்சிருவான்."

நானும் சிரித்தேன். அதற்குப் பதிலாக என்ன வைக்கப் போகிறாய் என்று கேட்கத் தோன்றவில்லை.

இங்கே எங்கள் வீட்டைச் சொல்ல வேண்டும். அம்மா திருநெல்வேலிக்காரி. அரிசி மாவில்தான் கோலம் போடுவாள். எறும்பு தின்னாத கோலம் என்ன கோலம் என்பது அவள் கட்சி. குடியிருப்பின் செகரட்டரிக்கு ரங்கோலி பிடிக்கும், எறும்பு பிடிக்காது. வராந்தா முழுக்க எறும்பு என்று சண்டைக்கு வந்தார். எறும்பு அண்டாத கல்பொடிக்கு மாறியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். அம்மா மாறவில்லை. கோலத்தைக் கதவுக்கு உள்பக்கம் கொண்டுவந்துவிட்டாள்! வாசல் கோலத்தை வீட்டுக்குள் போட்ட குடும்பம் புனேயிலேயே நாங்கள்தான் இருப்போம்.

தொண்ணூறுகளின் கடைசியில், நண்பன் மும்பை போவதற்கு முன்பே, என் தங்கைக்கு மூளையில் கட்டி வந்தது. கடைசி மாதங்களில் அவளுக்குக் காலை எது மாலை எது என்று தெரியவில்லை. ஆனால் கை மறக்கவில்லை. சாயங்காலம் திடீரென்று எழுந்து, மாவுக் கிண்ணத்தை எடுத்து, கதவடியில் உட்கார்ந்துவிடுவாள். புள்ளி வைத்துக்கொண்டே தவழ்ந்து கட்டில் வரைக்கும் கோலத்தைக் கொண்டுவந்துவிடுவாள். பின்னாலேயே எறும்பு வரும். அம்மா துடைக்கப் போனால், "விடும்மா, அதுங்க சாப்டுட்டுப் போகட்டும்" என்பாள்.

நண்பன் இதையெல்லாம் பார்த்தவன். "அண்ணா, மிதிக்காதீங்க" என்று அவள் சொல்ல, சுவரோடு ஒட்டி ஒட்டி நடந்து வந்து எங்கள் வீட்டுத் தேங்காய்ப்பால் சொதியைச் சாப்பிட்டவன். அவள் செத்த அன்று என்னைவிட அதிகமாக அழுதான்.

அவன் படத்தைத் தியேட்டரில் பார்த்தேன். மூலத்தில் வாய் திறக்காத பேய் இதில் வசனம் பேசியது, சுவிட்சர்லாந்தில் பாட்டுப் பாடியது, மந்திரவாதியிடம் மன்னிப்பும் கேட்டது. நான் வழக்கம்போல மனதுக்குள் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது செருப்புக் காட்சி வந்தது. செருப்பு இல்லை. கதவுக்கு உள்பக்கம் ஒரு கோலம். புள்ளிகள் தவழ்ந்து கட்டிலை நோக்கிப் போயின. அதன்மேல் எறும்பு, சாரை சாரையாக. எறும்பு கட்டிலில் ஏறியதும் தியேட்டரே அலறியது. கோலத்தை மிதிப்பவன் சாவான் என்பது படத்தின் விதி.

பத்திரிகைகளில் எழுதினார்கள்: மற்றதெல்லாம் காப்பி, அந்த ஒரு காட்சி மட்டும் நம் மண்ணின் சரக்கு என்று. ஒப்பிடத் தெரிந்தவர்கள்தான். அந்தச் சரக்கு எந்த வீட்டு மண் என்று அவர்களுக்கு யார் சொல்வது?

அவனுக்குப் போன் செய்தேன். எனக்கு முன்னால் அவனே ஆரம்பித்தான்.

"பாத்தியாடா? உன் தங்கச்சிக்கு நான் செஞ்ச மரியாதைடா அது."

"எறும்பையாவது விட்டுவச்சிருக்கலாமேடா."

"எறும்புதான்டா ஹைலைட்டே!"

அதற்குமேல் அவனிடம் நான் பேசியதில்லை. வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது, மறைப்பானேன்.

அம்மாவிடம் மட்டும் படத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. தங்கை போனபிறகும் அம்மா கோலத்தை உள்ளேதான் போட்டுவந்தாள். செகரட்டரி மாறிவிட்டார், வெளியே போட்டால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். "அவ உக்காந்து போட்ட எடம்லா" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் கடைக்குப் போய்த் திரும்பும்போது டிவியில் அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தது. சரியாக அந்த இடம். ரிமோட்டை எடுக்கப் பாய்ந்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருலே, நம்ம பிள்ள கோலம்லா இது!"

அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. வெகுநாள் கழித்து மகளைப் பார்க்கிற சிரிப்பு. நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு எறும்பு வந்தது. இசை வந்தது. தலைவிரிகோலமாகப் பேய் கட்டிலுக்கு மேலே எழுந்தது. அம்மாவின் கை என் கையை விட்டது. நான் டிவியை அணைத்தேன். அவள் எழுந்துபோய் ஈரத்துணி கொண்டுவந்து காலையில் போட்ட கோலத்தைத் துடைத்தாள்.

மறுநாள் கதவுக்கு உள்பக்கம் வெறுமையாக இருந்தது. கதவைத் திறந்தால் வராந்தாவில் கோலம்.

"என்னம்மா, வெளிய போட்டுட்ட?"

அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "உள்ள போட்டா பயமா இருக்குலே."

குனிந்து தொட்டுப் பார்த்தேன். கடையில் வாங்கிய கல்பொடி. எங்கள் வீட்டுக்கு இப்போது எறும்பு வருவதில்லை.