துணி கட்டிய காய்

என் அக்காவுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்த கோடையில், அவளுடைய கத்திரிச் செடிகளுக்குத் தண்ணீர் கட்டும் வேலை என் தலையில் விழுந்தது. செஞ்சி பஜாரில் ஜெராக்ஸ் கடை வைத்து, ஃபேனுக்கடியில் உட்கார்ந்தே பழகியவன் நான். புருஷன் போன பிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்ட அவளுக்கு, கோட்டை மலையடியில் இருந்த அந்த எட்டுப் பாத்திக் கொல்லைதான் எல்லாமும்.

அவள் கடையில் நாற்று வாங்கியதே கிடையாது. முதலில் பிடிக்கும் காய்களில் நல்லதாக ஒன்றைப் பார்த்து, பழைய புடவையைக் கிழித்து அதன் காம்பில் கட்டிவிடுவாள். துணி கட்டிய காயை யாரும் பறிக்கக் கூடாது. அது செடியிலேயே பழுத்து அடுத்த வருடத்துக்கு விதையாகும். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பும் ஒரு காயில் சிவப்புத் துணி கட்டியிருந்தாள். வீட்டில் பழைய விதை மிச்சமில்லை.

கிணற்றில் மோட்டார் அரை மணி நேரம் ஓடினாலே காற்றை இழுத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து கட்டிலில் கிடந்த அக்காவிடம் சொன்னேன்.

“எட்டுக்கும் கட்டாதடா. நாலை வுட்டுடு. துணி கட்ன பாத்தியோட சேத்து நாலுக்கு மட்டும் நெறைய கட்டு.”

எனக்குக் கோபம் வந்தது. பூவும் பிஞ்சுமாக நிற்கிற செடியை எப்படிக் காயவிடுவது? அவளைவிட எனக்கு இரக்கம் அதிகம் என்று நினைப்பு. எட்டுக்கும் பங்கு போட்டு மடை திருப்பினேன். யானைப் பசிக்குச் சோளப்பொரி. மேல்மண் மட்டும் நனைந்தது. பாறையின் அனல் பத்து மணிக்குள் அதையும் குடித்துவிட்டது. வேருக்கு ஒரு சொட்டு போகவில்லை. பத்துப் பன்னிரண்டு நாளில் எட்டுப் பாத்தியும் ஒன்றாகத் தலையைத் தொங்கப் போட்டன. அதற்கப்புறம் நாலுக்கு மட்டும் கட்டிப் பார்த்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். துணி கட்டிய காய் பழுக்காமலே சுருங்கிப்போனது.

சொல்ல வாய் வரவில்லை. மார்க்கெட்டில் கத்திரிக்காய் வாங்கி, கொல்லையில் பறித்தது என்று அவள் கட்டிலருகே கொண்டுபோய் வைத்தேன்.

“துணி கட்ன காய் இன்னா ஆச்சு?”

“மஞ்சளா ஆவுதுக்கா.”

அவள் ஒரு காயை எடுத்து, காம்பைக் கட்டைவிரலால் தடவினாள். இன்னொன்றையும் எடுத்துத் தடவினாள்.

“நல்லாத்தான் புடிச்சிருக்குது. தெனமும் கொண்டா” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தப்பித்தோம் என்றிருந்தது எனக்கு. அதன்பிறகு அந்தக் காயைப் பற்றி அவள் கேட்கவே இல்லை.

புண் ஆறவில்லை. ஆடி பிறக்கும் முன் போய்விட்டாள்.

காரியம் முடிந்து கொல்லைக்குப் போனேன். வெளுத்துப்போன சிவப்புத் துணியை அவிழ்க்கும்போது விரலில் ஏதோ சுருக்கென்று குத்தியது. காம்பில் முள். எங்கள் கத்திரிக்குக் காம்பெல்லாம் முள். பறிப்பதும் நறுக்குவதும் எப்போதும் அவள்தான். தட்டில் போட்டதைத் தின்றவனுக்கு அது தெரிந்திருக்கவில்லை. மார்க்கெட்டில் நான் வாங்கியதெல்லாம் வழவழ காம்பு.

முதல் நாளே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வாய்விட்டுத் திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. வரப்பில் உட்கார்ந்து அழுதேன். காயை உடைத்துப் பார்த்தேன். உள்ளே விதையெல்லாம் பதர்.

இப்போது கோடையில் நாலு பாத்திதான் வைக்கிறேன். கடை நாற்று. வேர்வரை நனைய நிறுத்திக் கட்டுகிறேன். நன்றாகவே காய்க்கிறது. பறிக்கும்போது கையில் எதுவும் குத்துவதில்லை.